இரவு தங்க வரும் விருந்தினர்கள் கூச்சமில்லாமல் இருக்க வீட்டில் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

தனி விருந்தினர் அறை இல்லாத வீடு, வருவது குழந்தையோடு ஒரு குடும்பம், கைவசம் ஒரு காற்று மெத்தை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உபசரிப்பில் யாரும் குறை வைப்பதில்லை. சங்கடமெல்லாம் வீட்டார் தூங்கப் போன பிறகுதான். இரவு 11 மணியிலிருந்து விடியும் வரை, யாரையும் எழுப்பாமல் விருந்தினருக்கு வேண்டியது கைக்கு எட்டுகிறதா? அதை மட்டும் பாருங்கள். இப்படியெல்லாம் பார்த்தால் வீடு லாட்ஜ் மாதிரி ஆகிவிடும் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. லாட்ஜிலாவது மணி அடித்தால் ஆள் வரும். வீட்டில் நடுராத்திரி கதவைத் தட்ட யாருக்கு மனசு வரும்?

முதலில் காற்று மெத்தை. விடிகாலையில் தொய்ந்துபோனால் உடனே ஓட்டை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புது பிவிசி மெத்தை முதல் சில தடவை கொஞ்சம் இழுபடும். இரவில் அறை குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கும். அதனால் மதியமே காற்றடித்து விட்டுவிடுங்கள். படுக்கப் போகும் முன், குறைந்துபோன அளவுக்கு மட்டும் மறுபடி அடித்தால் போதும். கல் மாதிரி விறைக்க அடித்தால் ஒட்டு விட்டுப்போகும். குளிர்காலமானால் மேலே இரண்டு போர்வை போட்டும் நடுங்குவார்கள், ஏனென்றால் அடியில் இருக்கும் காற்று உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தடித்த போர்வையை விரிப்புக்குக் கீழே போடுங்கள்.

பரணில் கிடந்த பஞ்சு மெத்தை என்றால் இரண்டு நாள் முன்பே இறக்கி, பக்கத்துக்கு 2 மணி நேரம் வெயில் காட்டவும்.

விரிப்பையும் தலையணை உறையையும் பீரோவிலிருந்து எடுத்த கையோடு போடாதீர்கள். பாச்சை உருண்டை வாடை வெறும் தலைவலியோடு போவதில்லை. அதிலுள்ள நாஃப்தலீன், ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். குழந்தைக்கு அந்தத் துணியே வேண்டாம். பெரியவர்களுக்குத் துவைத்து, நன்றாகக் காற்றாட உலர்த்திய பிறகு போடலாம். தூசு ஒவ்வாமை உள்ளவர் வருகிறார் என்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால்தான் தூசுப் பூச்சி சாகும்.

அடுத்து, அதிகம் புழங்காத குளியலறை. சாக்கடை நாற்றம் வந்ததும் ஸ்பிரே அடிப்பார்கள், அரை மணி நேரத்தில் திரும்ப வரும். தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கீழே ஒரு வளைவு உண்டு. அதில் ஏறக்குறைய 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. வாரக்கணக்கில் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். தரைத் துவாரத்திலும் வாஷ் பேசினிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுப் பாருங்கள். மூடி வைத்த குப்பைக்கூடை உள்ளேயே இருக்க வேண்டும், அது எங்கே என்று எந்தப் பெண்ணும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.

15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் என்றால் ஒரு தடவை காலியான பிறகு தண்ணீர் 30 டிகிரி சூடேற சுமார் 16 நிமிடம் ஆகும். காலையில் யார் எப்போது கிளம்ப வேண்டும் என்று முந்தின இரவே கேட்டு வரிசையைப் பேசிவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். குளியலறை விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஒரே சுவிட்சில் இணைக்கிற மகானுபாவர் யார்? ராத்திரி ஒருவர் விளக்கைப் போட்டால் வீடே விழிக்கிறது. கேட்டால் "எல்லா வீட்டிலும் இப்படித்தான் சார்" என்பார்கள். மிச்சம் பிடித்தது ஒரு சுவிட்சும் கொஞ்சம் ஒயரும். படுக்கையிலிருந்து எட்டாத தூரத்தில், கதவோரமாக மட்டும் விளக்கு சுவிட்சை வைப்பதும் இதே கூட்டம்தான். ஆகவே, கழிவறைக்குப் போகும் வழியில் தரையோரமாக மங்கலான இரவு விளக்கு ஒன்று. தலைமாட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தண்ணீர், வைஃபை பாஸ்வேர்ட் எழுதிய துண்டுச் சீட்டு.

அவர்கள் கிளம்பியதும் பஞ்சு மெத்தையை உடனே சுருட்டிப் பரணில் ஏற்றாதீர்கள். வியர்வை ஈரம் உள்ளே இருக்கும். ஒரு வெயிலாவது காட்டிவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவர்களுக்குப் பூஞ்சை வாடைதான்.