கிறிஸ்மஸ் சீர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்பா தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளி. போன வருஷம் தலைக் கிறிஸ்மஸுக்கு மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம், வீட்டில் எல்லோருக்கும் துணி, இரண்டு டின் நிறையப் பலகாரம் என்று குறையில்லாமல் செய்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். "மூத்தவளுக்கு அவங்க வீட்ல இருந்து வருஷா வருஷம் வருது" என்று போன வாரம் அத்தை என் காதில் விழும்படி சொன்னார்கள். இவர், "இந்த ஒரு வருஷம் மட்டும் பார்ப்போம்" என்கிறார். அப்பா 40,000 ரூபாய் ஐந்து வட்டிக்குக் கேட்டு வைத்திருக்கிறாராம். 20ஆம் தேதி கைக்கு வரும். நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் சம்பளத்தில் சேர்த்ததை யாருக்கும் தெரியாமல் அப்பாவிடம் கொடுத்து, அவர் கொண்டுவந்த மாதிரி காட்டிவிடலாமா? என் பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கொடுக்காதீர்கள். நான் மூன்று கிறிஸ்மஸுக்கு அதைச் செய்தவள். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன்.

டிசம்பர் சம்பளத்தை ஒரு கவரில் போட்டு, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்து அப்பாவிடம் கொடுப்பேன். அப்பா எண்ணிப் பார்க்க மாட்டார். சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்து ஊக்கு குத்திக்கொள்வார். நாலு நாள் கழித்து அந்தப் பணம் பட்டுச்சேலையும் வேட்டியும் கேக்குமாக என் மாமியார் வீட்டுக்கு வந்து இறங்கும். "சம்பந்தி குறையே வைக்கல" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அப்பா இலையில் கை வைத்தபடி தலை நிமிராமல் சாப்பிடுவார். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் வருஷம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். வந்த பெண்ணின் அப்பா சைக்கிளில் போய்த் துணி விற்கிறவர். அவள் தலைக் கிறிஸ்மஸுக்கு அவர் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு என் மாமியார் சொன்னது இதுதான்: "மூத்தவ வீட்ல எப்படிச் செஞ்சாங்க தெரியுமா?" அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் சொந்தச் சம்பளத்தில் நான் ஜோடித்த பொய், இன்னொரு அப்பனை அளக்கிற படியாகிவிட்டது. உங்கள் வீட்டு மூத்த மருமகளுக்கு வருஷா வருஷம் வருகிற சீர் யார் பணம் என்று நமக்குத் தெரியுமா? ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் மழை தொடங்கிவிட்டால் பாத்தியில் வேலை நின்றுவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கூலி கிடையாது. அதனால்தான் அரசாங்கம் அந்த மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. 40,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 2,000. நிவாரணம் முழுவதையும் கொடுத்தாலும் இரண்டரை மாத வட்டிக்குத்தான் வரும். முதல் அப்படியே நிற்கும். மறுபடி உப்பு வாரத் தொடங்கும்போது அவர் காலில் வெடிப்போடு இந்தக் கடனும் சேர்ந்து நிற்கும். உங்கள் வீட்டுக்காரர் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். 'இந்த ஒரு வருஷம்' என்கிறாரே, அடுத்து பிள்ளைக்கு ஞானஸ்நானம் வரும், அதற்கு ஒரு சங்கிலி வரும். சீருக்குக் கடைசி வருஷம் என்று ஒன்றை யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

கிறிஸ்மஸில் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் அடுக்கிய தட்டைத் துணியால் மூடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை. தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று அவர்கள் ஒரு கை சீனி போட்டுத் தருவார்கள். தீபாவளிக்கு அவர்கள் தட்டு நம் வீட்டுக்கு வரும். அது போகும், வரும். சீர் போகும், வராது. பெண்ணைப் பெற்றவன் கையிலிருந்து மட்டுமே போகிற ஒன்றை, வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றைப் பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வரி.

இயேசு பிறந்ததைச் சொல்லும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை இந்த மாதம் சபைகளில் வாசிப்பார்கள். மேய்ப்பர்களோடு நிறுத்திவிடாமல் 24ஆம் வசனம் வரை வாசியுங்கள். பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோன மரியாளும் யோசேப்பும் செலுத்திய காணிக்கை புறா ஜோடி. பழைய ஏற்பாட்டின் சட்டப் புத்தகமான லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வயது ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாத தாய்க்கு இரண்டு புறா போதும். இல்லாதவனுக்கென்று சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். ஆட்டுக்குட்டி எங்கே என்று அந்தக் குடும்பத்தை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. உங்கள் அத்தை வேதம் வாசிக்கிறவர்கள் என்றால் அவர்களுக்கும் இதைக் காட்டலாம். குத்திக்காட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். அவர்களும் மருமகளாக வந்தவர்கள்தானே. அவர்கள் அப்பா என்ன விற்றுவிட்டு வந்தார் என்று யாராவது எப்போதாவது கேட்டிருப்பார்களா?

பேச வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். தன் அம்மாவிடம், தன் வாயால், 'என் மாமனாரிடமிருந்து எதுவும் வேண்டாம்' என்று அவர் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது மருமகளின் எதிர்ப்பேச்சாகிவிடும். 20ஆம் தேதிக்கு முன் சொல்ல வேண்டும். அன்று காலை அப்பாவுக்குப் போன் போட்டு, பணம் வாங்கப் போக வேண்டாம் என்று அவரே சொன்னால் இன்னும் நல்லது. நீங்கள் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். மாப்பிள்ளை சொன்னால் கேட்பார்.

கிறிஸ்மஸ் அன்று அப்பாவும் அம்மாவும் சாப்பிட வரட்டும். அம்மா கையால் செய்த முறுக்கு ஒரு டப்பாவில் வந்தால் போதும். சேர்த்து வைத்திருக்கிற பணத்தில் அப்பாவுக்கு ஒரு சட்டைக்கு மட்டும் எடுங்கள். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தனக்கென்று ஒரு சட்டை எடுத்திருக்க மாட்டார். அளவு நாற்பதா நாற்பத்திரண்டா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
அக்கா