பூண்டு தின்றால் சளி வராதா?

கேள்வி: குளிர் தொடங்கியதிலிருந்து என் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் வெறும் வயிற்றில் இரண்டு பல் பச்சைப் பூண்டு கொடுக்கிறார், எதிர்ப்பு சக்தி கூடுமாம். வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் மாமனாருக்கும் கொடுக்கிறார். இது சரியா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முதலில் மாமனாருக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் அம்மா. ரசத்திலும் கறியிலும் விழும் பூண்டு பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் தினமும் பச்சையாகவோ காப்ஸ்யூலாகவோ எடுத்தால் அது ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுக்கும், வார்ஃபரினும் அதே வேலையைத்தான் செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். இத்தனை நாள் சாப்பிட்டதை கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றவர்கள் சாப்பிடலாம், வயிறு எரியாவிட்டால். பூண்டை நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது, அந்த நெடியே அதுதான். அதனால் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுச் சமைப்பது நல்லது. பரிசோதனைக் கூடத்தில் அல்லிசின் கிருமிகளைக் கொல்வது உண்மை. உடம்புக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதற்குத்தான் சான்று குறைவு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 146 பேரை 12 வாரம் கவனித்தார்கள், பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 முறையும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 65 முறையும் சளி பிடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிறகு மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசிப் பார்த்தபோது தகுதியான ஆய்வாக இந்த ஒன்றுதான் தேறியது, ஒன்றை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார்கள்.

பூண்டு என்றதும் நம் தென்னாப்பிரிக்காவில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1999 முதல் 2008 வரை சுகாதார அமைச்சராக இருந்த மாண்டோ ஷபலாலா-ம்சிமாங், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2006 டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் நம் அரசு போட்ட அரங்கிலேயே பூண்டை வைத்தார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மருந்தை அரசு கொடுக்கத் தாமதித்ததால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இதில் கொடுமை என்னவென்றால், பூண்டு காப்ஸ்யூல் சக்வினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை ரத்தத்தில் பாதியாகக் குறைத்துவிடுகிறது என்று 2002-க்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஏ.ஆர்.வி. எடுப்பவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், கிளினிக்கில் கேட்காமல் பூண்டு காப்ஸ்யூல் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள், அக்கறையில்தான் செய்கிறார். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைக்கச் சொல்லுங்கள், சளி பிடித்தவருக்குச் சூடாகக் குடிக்க இதமாக இருக்கும். அப்புறம் மாமனார், மாமியார் இருவரையும் ஃப்ளூ ஊசிக்குக் கூட்டிப் போங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் அரசு கிளினிக்கில் இலவசம், குளிர் ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், வாடையிலோ ருசியிலோ அது தெரியாது. கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.