"செயின் மாத்தியாச்சு சார்" என்றார் டீலர். இன்ஜினில் இருந்ததோ பழைய செயின்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதம் முன்பு கோவை டீலர் ஒருவரிடம் 4.60 லட்சத்துக்கு 2016 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். 24,000 கி.மீ.தான் ஓடியிருந்தது. இந்த இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் உள் செயின்) தொல்லை உண்டு என்று கேள்விப்பட்டு வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "செயின் மாத்தியாச்சு சார், பயப்படாம எடுங்க" என்று பதில் போட்டார். போன வாரம் செயின் பல் தாண்டி, வால்வுகள் வளைந்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. மாற்றியதற்கான அடையாளமே இல்லை என்கிறார் மெக்கானிக். செலவு 1.10 லட்சம். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார் டீலர். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டு, இன்ஜினில் மேற்கொண்டு கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வளைந்த வால்வு எதுவும் காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது. செயினை மூடியிருக்கும் டைமிங் கவரைத் திறந்தபோது கம்பெனியில் போட்ட சீல் பேஸ்ட் அப்படியே இருந்ததா, போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்ததா என்பதை லெட்டர்பேடில் எழுதி, தேதியும் ஓடோமீட்டர் ரீடிங்கும் போட்டு அவர் கையெழுத்திடட்டும். போட்டோவும் எடுத்துவையுங்கள். பிரித்து மாட்டி ஓட ஆரம்பித்த வண்டியை வைத்து எந்த நுகர்வோர் ஆணையத்தில் எதை நிரூபிக்க முடியும்?

இந்த மாடலுக்கே இப்படி ஒரு பலவீனம் உண்டு என்பது உங்களுக்கு முன்பே தெரியும். நீங்கள் ஒன்றும் கேட்காமல் வாங்கியிருந்தால், "தெரிந்துதானே எடுத்தீர்கள்" என்று டீலர் தரப்பு மடக்கியிருக்கும். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவும், பார்த்து வாங்குபவர் பார்த்தாலே தெரிகிற குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்குவதில்லை. பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் கவருக்குள் இருக்கும் செயின் தெரியாது என்பது வேறு விஷயம்.

உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விதான். மாற்றாததை மாற்றியதாகத் தெரிந்தே சொன்னால், ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி அது மோசடி. கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற வாதம், வாய் திறக்காமல் விற்றவருக்கு வேண்டுமானால் கைகொடுக்கும். பொய் சொல்லி விற்றவருக்குக் கொடுக்காது. "உள்ளது உள்ளபடி" என்ற வரியும் பொய்க்குக் கவசமாகாது. அதனால் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது 2023-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

24,000 கி.மீ. என்பதையும் நான் அப்படியே நம்ப மாட்டேன். சேசிஸ் நம்பரைக் கொடுத்து அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டு கேளுங்கள். முந்தைய சர்வீஸிலேயே ரீடிங் இதைவிட அதிகம் என்றால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318-வது பிரிவின் (ஏமாற்றுதல்) கீழ் போலீஸ் புகாருக்கும் இடமுண்டு. ரீடிங் சரியாகவே இருந்தாலும், ஆயில் எத்தனை முறை மாற்றினார்கள் என்று பாருங்கள். குறைவாக ஓடிய வண்டிதானே என்று வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் விடுகிறவர்கள் உண்டு. செயினுக்கு அதுதான் எமன்.

தயாரித்த கம்பெனி மீது போகலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தில் (குறையுள்ள பொருளால் நேரும் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் பகுதி), அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் சேராது. டீலரையே பிடியுங்கள்.

15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. முழுப் பணத்தையும் கேளுங்கள். அது இல்லையென்றால் ரிப்பேர், டோயிங் செலவோடு மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று மாற்றாகக் கேளுங்கள். என் கணிப்பில் கிடைக்கக்கூடியது இரண்டாவதுதான்.

நோட்டீஸ் கைக்குப் போனதும், "வண்டியை நம்ம ஷெட்டுக்கு அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்று போன் வரலாம். என்ன வேலை, யார் செலவு, எத்தனை நாள் என்று எழுத்தில் வராமல் வண்டியை அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் பழைய செயின் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.