தெச்சியின் இளந்தளிர் மஞ்சளாவது பற்றி

உங்கள் தெச்சியின் (இட்லிப்பூச் செடி) இளந்தளிர்கள் மஞ்சளாவது ஏன் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கு உரக்குறை காரணம் இல்லை. மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை. நரம்புகள் பச்சையாக நிற்க, இளந்தளிர்கள் மட்டும் வெளிறுகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதே அதன் அடையாளம்.

நம் குமரி மாவட்டத்துச் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. சங்க நூல்கள் வெட்சி என்று சொல்லும் இச்செடிக்கு அதுவே உகந்தது. ஆனால் நீங்கள் நட்டிருப்பது புதிய மதிற்சுவரின் ஓரம். பூச்சுவேலையில் உதிர்ந்த சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கியிருக்கலாம். காரமண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது. நீங்கள் இடும் அடுப்புச் சாம்பலும் காரத்தையே கூட்டும் என்பதால், அதைத் தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்.

செடியடியில் அரையடி ஆழத்து மண்ணை உலர்த்தி, அதில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருப்பது உறுதி.

அப்படியானால், ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, மாலையில் இலைகள் நனையத் தெளியுங்கள். மண்ணில் இட்டால் அதுவும் கரையாத நிலைக்குப் போய்விடும். தெளிப்பு தற்காலிகமானதே; ஜூன் மழை தொடங்கியதும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி மாற்றி நடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் காரணம் வேறு. வேரடியில் நீர் தேங்கினாலும் தளிர் இவ்வாறே வெளிறும், அதையும் பார்த்துவிடுங்கள்.