கூடைப்பந்தில் எதிரணியின் முழுக்கள பிரஸ்ஸை உடைக்க

வணக்கம் சார். பக்கத்துப் பள்ளிக்கார அணி ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் முழுக்கள பிரஸ் (களம் முழுவதும் நெருங்கி மறிக்கும் தடுப்பாட்டம்) போட்டு, பந்தை முன்னே கொண்டுபோகும் உங்கள் பாயிண்ட் கார்டை மூலையில் மடக்கிப் பந்தைப் பறிப்பதாகவும், அடுத்த வாரம் மறுபடி அவர்களோடுதான் மோதல் என்றும் எழுதியிருந்தீர்கள்.

மடக்கும் இடம் எப்போதும் மூலைதான். அதனால் பந்தை அங்கே வாங்கவே விடாதீர்கள். கூடை விழுந்த பிறகு பந்தை உள்ளே போடுபவர் எண்ட்லைன் (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) நெடுக ஓடலாம். இது பல பையன்களுக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே நின்று, பந்தை உள்ளே போடக் கிடைக்கும் ஐந்து விநாடியைத் தொலைக்கிறார்கள்.

நல்ல உயரமும் நிதானமும் உள்ள பையனை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே, களத்தின் நடுவில் நிறுத்துங்கள். கார்டு பந்தை வாங்கியதும் அதைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. தலையைத் தூக்கிப் பார்த்து, இருவர் தன்மேல் பாயும்போது நடுவிலிருப்பவனுக்குத் தள்ளிவிட வேண்டும். அவன் திரும்பினால் முன்னால் பெரும்பாலும் நம்மவர் மூன்று பேருக்கு அவர்கள் இரண்டு பேர்தான். அங்கே தயங்காமல் கூடைக்குப் போகச் சொல்லுங்கள். சும்மா விதி தரும் எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டினால் போதும் என்று விளையாடினால் அவர்கள் பிரஸ்ஸை நிறுத்தவே மாட்டார்கள்.

அப்புறம், ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஆடுகிறீர்கள் என்றால் ஒரு டைம்-அவுட்டை ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வைத்திருங்கள். அவர்கள் கூடை போட்டதும் அதை எடுத்தால், பந்தை முன்களத்திலிருந்தே, அதாவது நீங்கள் கூடை போடும் பாதியிலிருந்தே, உள்ளே போடலாம். பிரஸ்ஸுக்கு வேலையே இல்லை!