எந்தத் தையலை விடுவது?

கேள்வி: வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறேன். லைனிங் ப்ளவுஸ், லைனிங் துணியும் என்னுடையதுதான், 350 ரூபாய். சீருடைச் சட்டை 150, ஆல்ட்ரேஷன் 40, புடவைக்கு ஃபால்ஸ் 80. எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ராத்திரி பதினொன்று வரை மிஷின் ஓடியும் கையில் காசு நிற்கவில்லை, சொன்ன தேதியும் தவறுகிறது. இன்னொரு மிஷினும் ஆளும் போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது வேண்டாம். கட்டுப்படியாகாத வேலையும் சேர்ந்து இரட்டிக்கும். முதலில் 15 நாள் ஒரு நோட்டில், துணி வெட்டுவது முதல் கொக்கி வைப்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை எழுதுங்கள். கூலியில் நூல், லைனிங், கொக்கிச் செலவைக் கழித்து அந்த நேரத்தால் வகுங்கள். உதாரணமாக, லைனிங் ப்ளவுஸில் 70 ரூபாய் செலவு போக 280 நிற்கிறது, இரண்டரை மணி நேரம் ஆகிறது என்றால் மணிக்கு 112 ரூபாய். சீருடைச் சட்டைக்கும் காலர், பாக்கெட், காஜா என்று அதே இரண்டரை மணி போகும். செலவு 25 கழித்தால் மணிக்கு 50தான்.

ஆளை ஏமாற்றுவது ஆல்ட்ரேஷன். "பத்து நிமிஷ வேலைதானே" என்று நீட்டுவார்கள். தையலைப் பிரித்து, அந்த நிறத்தில் பாபின் சுற்றி, அடித்து முடிக்க அரை மணி. பாதியில் நிற்கும் ப்ளவுஸுக்கு மறுபடி நூல் மாற்ற வேண்டும். இனி நீங்கள் தைத்ததை மட்டும் திருத்திக் கொடுங்கள். அதையும் குறைக்கலாம்: பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டு, கால் அங்குல இடைவெளியில் மூன்று வரி அடியுங்கள். இறுக்கமானால் உடம்பை ஒட்டிய வரியை இரு பக்கமும் அவர்களே பிரித்துக்கொள்ளலாம். சுற்றளவு ஒரு அங்குலம் கூடும். காட்டன் லைனிங்கை நனைத்து, உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்டுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு, ப்ளவுஸ் உங்களிடமே திரும்பும். அதற்குக் கூலியும் கேட்க முடியாது.

ஃபால்ஸை மட்டும் விடாதீர்கள். புடவை வந்தால்தான் ப்ளவுஸ் பிட்டும் கூட வரும். கைத்தையல் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், புடவைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுங்கள்.

விட வேண்டியது சீருடைதான். இனி தைப்பதில்லை என்பதை ஏப்ரலிலேயே சொல்லி, அதைத் தைக்கும் வேறு கடையையும் காட்டிவிடுங்கள். ஜூனில் துணியோடு வந்து நிற்பவரைத் திருப்பினால் மனஸ்தாபம்தான். ப்ளவுஸ் கூலியை ஏற்றுவதாக இருந்தால் ஆடியில் அறிவியுங்கள். முகூர்த்தம் இல்லாததால் பேரம் பேச ஆள் குறைவு, ஆவணிக்குள் புது விலை பழகிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று ப்ளவுஸ் முடியுமென்றால் இரண்டுக்கே தேதி கொடுங்கள். மூன்றாவது இடம் அவசரக்காரருக்கு, 100 ரூபாய் கூடுதலாக. யாரும் வராவிட்டால் மறுநாள் வேலையை வெட்டி வைக்கலாம். இரண்டு மாதம் கழித்தும் லைனிங் ப்ளவுஸையே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் ஆள் போடுங்கள். அப்போதும் முதல் ஆள் ஹெம்மிங்குக்கும் கொக்கிக்கும்தான், மிஷினுக்கு அல்ல.