மேலே சூடு, கீழே பனி

கேள்வி: 2018 பிப்ரவரி இறுதியில் பிரிட்டனை முடக்கிய கடுங்குளிருக்கு, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் அடுக்கு மண்டலம் திடீரெனச் சூடானதே காரணம் என்று படித்தேன். மேலே சூடானால் கீழே எப்படிக் குளிரும்?

பதில்: அந்தச் சூடும் கீழே வரவில்லை, மேலிருந்து குளிர்காற்றும் கொட்டவில்லை. மாறியது காற்றோட்டம். குளிர்காலத்தில் வட துருவத்துக்கு மேலே, வெயிலே படாத அடுக்கு மண்டலத்தில், உறைகுளிர்க் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வேகமாகச் சுற்றிவரும். இதுதான் துருவச் சுழல். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்குமான வெப்ப வேறுபாடும் கீழ்க்காற்றில் பல ஆயிரம் கி.மீ. நீள அலைகளை எழுப்புகின்றன. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அலை பெருத்து, கடைசியில் உடைந்து, சுழலின் வேகத்தைக் குறைக்கிறது. சுழல் தளர்ந்ததும் துருவத்தின் மேல் காற்று இறங்கி அமுங்குகிறது. அமுங்கும் காற்று சூடாகும். சில நாட்களிலேயே 30 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும். ஆக, தொடக்கமே கீழேதான்.

அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று, சுமார் 30 கி.மீ. உயரத்தில் மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பியது. சுழல் இரண்டாகப் பிளந்தது. அந்தத் தளர்ச்சி படிப்படியாக அடுக்கு மண்டலத்தின் அடிப்பகுதிக்கு இறங்கியது. அங்கே காற்று பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இத்தகைய பாதிப்பு இரண்டு மாதம்கூட நீடிக்கிறது. ஆர்க்டிக்கில் அழுத்தம் கூட, சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் தெற்கே நகர்ந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மிதமான மேற்குக் காற்று ஓய்ந்து, கிழக்கிலிருந்து சைபீரியக் குளிர் நுழைந்தது.

கேள்வி: வரைபடங்களில் இதை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: வெப்பநிலைப் படத்தின் சிவப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 10 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டத்தில், அதாவது சுமார் 30 கி.மீ. உயரத்தில், 60 டிகிரி வட அட்சரேகையைச் சுற்றிய சராசரி மேற்குக் காற்றின் வேகக் கோட்டைப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதாவது காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பினால், அது பெரிய திடீர்ச் சூடேற்ற நிகழ்வு. 10 ஆண்டுகளில் சராசரியாக 6 முறை இப்படி நடக்கிறது. அடுத்து 100 முதல் 150 ஹெக்டோபாஸ்கல் மட்டம், அதாவது அடுக்கு மண்டலத்தின் அடிப்பகுதி. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். அங்கும் காற்று தளர்ந்திருந்தால்தான் தரையில் விளைவை எதிர்பார்க்கலாம்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகள் மேலேயே அடங்கிவிடுகின்றன. தளர்ந்திருந்தாலும் குளிருக்கான வாய்ப்பு கூடும், அவ்வளவே. எந்த ஊரில் பனி விழும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 2021 ஜனவரி 5 அன்று நடந்த இத்தகைய நிகழ்வுக்கும் அந்தப் பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் உறைந்ததற்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதைத் தீர்ந்த விஷயமாக எழுதுவது தவறு.

கேள்வி: தமிழ்நாட்டு மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: துருவச் சுழலைக் காட்டி இங்கே மழையைக் கணிக்க முடியாது. நமக்கு நெருக்கமானது நிலநடுக்கோட்டின் மேலுள்ள அடுக்கு மண்டலக் காற்று. அது கிழக்கும் மேற்குமாக மாறி, ஏறத்தாழ 28 மாதத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. கிழக்குக் காற்றுக் கட்டத்தில் வரும் வடகோளக் குளிர்காலங்களில், இந்தியப் பெருங்கடல் வழியே நகரும் மேடன்-ஜூலியன் மேகக் கூட்டம் வலுவாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஏற்ற இறக்கங்களில் அந்த மேகக் கூட்டத்துக்குப் பங்குண்டு.